இந்த வீட்டில் துப்பாக்கி இல்லை

பிப்ரவரி 3

அக்கா வெர்னீட்டாவுக்கு,

தம்பி கோர்டெல் எழுதுவது. நான் சௌக்கியம், சர்க்கரை மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. இந்தச் சிறையில் போடுகிற சோள ரொட்டியைத் தின்றால் கல்லுக்கும் சர்க்கரை வரும். உன் முழங்கால் வலி எப்படி? சலவைக்கூடத்தில் இன்னும் நின்றுகொண்டேதான் வேலையா?

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு பரோல் குழு என்னைக் கூப்பிட்டிருக்கிறது. மே 6. வெளியே வந்தால் எங்கே தங்குவாய் என்று கேட்டார்கள். மெம்ஃபிஸில் உன் வீட்டைத்தான் எழுதினேன், உன்னை விட்டால் எனக்கு யார்? ஹோலிஃபீல்ட் என்று ஒரு அதிகாரியம்மா படிவம் கொண்டு வருவார், பிறகு ஒரு நாள் வந்து வீட்டைச் சோதிப்பார். குடி, போதை, துப்பாக்கி, இந்த மூன்றும் இருக்கக் கூடாது. ஆளைச் சுட்டு உள்ளே வந்தவன் துப்பாக்கி உள்ள வீட்டில் ஒரு நாள்கூடத் தங்க முடியாது. அந்தக் கவலை நமக்கில்லை. எனக்கு விலங்கு மாட்டிய அன்றைக்கே நீ சொன்னாயே, இனி அந்தச் சனியன் என் வாசல்படி ஏறாது என்று.

போன செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாட்டு வரிசையில் ஒருவனைக் குத்திவிட்டார்கள். பல் துலக்கும் பிரஷின் காம்பைத் தரையில் தேய்த்துக் கூராக்கி, ஏழு குத்து. எனக்கு இரண்டு ஆள் முன்னால். என் தட்டில் ரத்தம் தெறித்தது. பிழைத்துவிட்டான். மறுநாள் ஆஸ்பத்திரியில் கண் விழித்து ஐஸ்கிரீம் கேட்டானாம். என் அறைக்காரக் கிழவன் ஓட்டிஸ் சொன்னான்: "இதே வெளியில நடந்திருந்தா ஒரே குண்டு, சோலி முடிஞ்சிருக்கும். உள்ள இருக்கறதுதான்டா ஆயுசுக்கு நல்லது."

சிரித்தேன், ஆனால் அது மனதில் தைத்துவிட்டது. இங்கே வாரம் ஒருமுறை கல்லூரி வகுப்பு நடக்கிறது. துப்பாக்கி பெருகினால் குற்றம் பெருகுமா, குறையுமா என்று எழுதிவரச் சொல்லியிருக்கிறார் வாத்தியாரம்மா. புத்தகத்தில் தேடுவானேன், எங்கள் பிரிவில் அறுபத்திரண்டு பேர் இருக்கிறோம், ஒவ்வொருத்தனாகக் கேட்கப்போகிறேன்.

எதையும் ஒளிக்காமல் எழுது. கடிதத்தை உதறிப் பார்ப்பார்களே தவிர, உட்கார்ந்து படிக்க இங்கே ஆள் போதாது.

உன் தம்பி,
கோர்டெல்


பிப்ரவரி 15

தம்பி கோர்டெல்,

நான் நன்றாக இருக்கிறேன். முழங்காலுக்கு என்ன, அது என்னோடுதான் சாகும். உன் கடிதத்தை மடிப்பு கிழிகிற வரைக்கும் படித்தேன். மே 6 என்று காலண்டரில் வட்டம் போட்டேன், பேனா மறுபக்கம் வந்துவிட்டது. சர்க்கரைக்கு மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா? ரொட்டியைக் குறை சொல்லிக்கொண்டே நாலு துண்டு தின்பவன் நீ.

இங்கே ஒரு மாற்றமும் இல்லை. புத்தாண்டுக்குத் தெருவே வானத்தைப் பார்த்துச் சுட்டது, அதில் ஒரு குண்டு திரும்பி வந்து என் குளியலறைக் கூரையைத் துளைத்துவிட்டது. இன்னும் அடியில் வாளி வைத்திருக்கிறேன். போன வாரம் முனைக் கடையில் இரண்டு பேரைச் சுட்டுவிட்டார்கள். ஒருவன் நடைபாதையில் உட்கார்ந்தபடியே செத்துப்போயிருந்தான், மடியில் வாங்கின கோழி வறுவல் சூடாறாமல் இருந்தது.

திங்கட்கிழமைகளில் ஆஸ்பத்திரித் துணி சிவப்புப் பையில் குவிந்து கிடக்கிறது. வெந்நீர் பட்டால் ரத்தம் துணியில் ஒட்டிக்கொள்ளும், முதலில் பச்சைத் தண்ணீரில்தான் ஊறப்போட வேண்டும். நேற்று ஒரு போர்வையை உதறினேன், டக்கென்று ஏதோ விழுந்தது. என் பக்கத்தில் வேலை செய்கிற டெமெட்ரா குனிந்து எடுத்தாள். "வெர்னி அக்கா, பல்லுனு நெனச்சேன். கனக்குது." குண்டு. நசுங்கிப் போயிருந்தது. அவள் அதைக் கையுறைக்குள் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். நல்ல பெண், முப்பது வயதுகூட ஆகவில்லை. உலை மாதிரி கொதிக்கிற அந்தக் கூடத்தில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பாள். ஏன்டி என்றால் குளிருது அக்கா என்பாள்.

ஹோலிஃபீல்ட் அம்மா 12ஆம் தேதி படிவம் கொண்டு வந்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். மார்ச் 5 வீடு பார்க்க வருகிறாராம். பின்பக்க அறையை உனக்காக ஒழிக்கிறேன். சுவருக்கு என்ன நிறம் வேண்டும்?

உன் அக்கா,
வெர்னீட்டா


பிப்ரவரி 28

அக்காவுக்கு,

நலம். மாத்திரை போடுகிறேன், ரொட்டி இரண்டுதான். உன் கூரை ஓட்டையை நான் வந்து அடைக்கிறேன், நீ ஏணி ஏறாதே. சுவருக்கு எந்த நிறமும் சரி, சாம்பல் மட்டும் வேண்டாம்.

என் கணக்கெடுப்பு முடிந்தது. அறுபத்திரண்டு பேரில் முப்பத்தொன்பது பேர் ஆளைக் கொன்றவர்கள், அல்லது கொல்லப் பார்த்தவர்கள். அந்த முப்பத்தொன்பதில் முப்பத்தைந்து பேர் கையில் துப்பாக்கி. "வீட்டிலிருந்து கிளம்பும்போதே கொல்ல நினைத்தாயா?" என்று கேட்டேன். ஆமாம் என்றவர்கள் நாலே பேர். மற்றவர்களுக்கெல்லாம் வாய்ச்சண்டை, சீட்டாட்டம், பக்கத்து வீட்டு நாய்.

பெரிய வாக்குவாதமாகிவிட்டது. ஒருத்தன் கத்தினான்: "கையில இருந்தா எவனும் கிட்ட வரமாட்டான்டா!" ஓட்டிஸ் சொன்னான்: "அப்படித்தான் நானும் வாங்கினேன். கிட்ட வந்தது எம் பொண்டாட்டியோட அண்ணன். வாடகைக்கு எடுத்த புல்வெட்டி மெஷினத் திருப்பிக் கேட்டான், அவ்வளவுதான்."

என்னையும் நான் கேட்டுக்கொண்டேன். பெட்ரோல் பங்க்கில் ஆல்வின் எனக்கு முன்னால் வண்டியை நுழைத்தான். நான் அவன் அம்மாவை இழுத்துத் திட்டினேன். அவன் இறங்கி வந்து மூக்கில் குத்தினான். சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டினேன். அவன் பாக்கெட்டில் கைவிட்டான். மூன்று முறை சுட்டேன். அவன் பாக்கெட்டிலிருந்து எடுத்தது போன். தரையில் கிடந்த அந்த போனில் "அம்மா" என்று வந்து அடித்துக்கொண்டே இருந்தது. இதை உனக்கு நான் சொன்னதே இல்லை. என் இடுப்பில் அது இல்லாமல் இருந்தால் எனக்கு இரண்டு பல் போயிருக்கும், அவனுக்கு ஒன்று.

அக்கா, உன் கடிதத்தில் குடி, போதை, துப்பாக்கி பற்றி ஒரு வார்த்தை இல்லை. உன்னை எனக்குத் தெரியும். நீ பேச்சை மாற்றினால் அங்கே ஏதோ இருக்கிறது.

கோர்டெல்


மார்ச் 11

தம்பி,

உடம்பு சௌக்கியம், மனசும் இப்போதுதான் சௌக்கியம். முதலில் இதைக் கேள்: ஹோலிஃபீல்ட் அம்மா வந்தார், கட்டிலுக்கடியில், டிராயரில், மாவு டப்பாவில் வரைக்கும் பார்த்தார், "எல்லாம் சரியா இருக்கு, உங்க தம்பி கொடுத்து வச்சவர்" என்று சொல்லிவிட்டுப் போனார். உன் அறைக்கு மஞ்சள் அடித்திருக்கிறேன்.

இப்போது நீ கேட்டது. ஆமாம், இருந்தது. இரண்டு வருஷம் முன்பு பட்டப்பகலில் பின்கதவை உடைத்து இரண்டு பேர் நுழைந்தார்கள். நான் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். ஒருவன் கதவை உதைத்துக்கொண்டே இருந்தான். "வெளிய வா, பாட்டி, ஒண்ணும் பண்ணமாட்டோம்" என்று சிரித்தான். எனக்கு ஐம்பதுதான் ஆகிறது, அந்தக் கோபம் வேறு. போலீஸ் வர நாற்பது நிமிஷம். மறுநாளே அடகுக்கடையில் ஐந்து குண்டு போடுகிற சின்ன ரிவால்வர் வாங்கினேன். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனால் அது வந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது, அதையும் ஒளிக்க மாட்டேன்.

படிவத்தில் "இந்த வீட்டில் துப்பாக்கி இல்லை" என்று எழுதியபோது அது கரண்டி டிராயரில் கிடந்தது. பொய்தான். போலீஸில் ஒப்படைக்கலாம் என்றால் தேதி போட்டுப் பதிவு செய்வார்கள், படிவத்தின் தேதியோடு இடிக்கும். அதனால் பிப்ரவரி 24 அன்று டெமெட்ராவின் கணவன் ரோலண்டுக்குக் கொடுத்துவிட்டேன். மெக்கானிக். அதற்கு விலையாக, சலவைக்கூட வாசலிலேயே என் காருக்கு நாலு சக்கரத்துக்கும் புது ப்ரேக் போட்டுக் கொடுத்தான். நம் மாநிலத்தில் ஆளுக்கு ஆள் கைமாற்றினால் காகிதம் ஒன்றும் தேவையில்லையே. பழைய சோபா கொடுப்பது மாதிரிதான். "தம்பி வர்றான், அதான் வீட்டுல வச்சுக்க முடியாது" என்றேன். "நல்ல அக்கா" என்றான்.

முடிந்தது. இனி அதைப் பற்றிப் பேச வேண்டாம். வந்ததும் என்ன சமைக்க, அதை மட்டும் எழுது.

வெர்னீட்டா


மார்ச் 23

அக்காவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல் என்று எல்லோரும் எழுதுவார்கள், நான் உண்மையாகவே ஆவலாக இருக்கிறேன். மஞ்சள் சுவர் என்று ஓட்டிஸிடம் பத்து தடவை சொல்லிவிட்டேன், போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறான். கழுத்தெலும்புக் குழம்பும் கீரையும் போதும்.

ஆனால் ரோலண்ட் யார்? நல்லவனா? டெமெட்ராவுக்குத் தெரியுமா? இதைக் கேட்பதற்குக் காரணம், என் கட்டுரையின் இரண்டாவது கேள்வி. முப்பத்தைந்து துப்பாக்கியும் எங்கிருந்து வந்தன என்று கேட்டேன். கடையில் தானே வாங்கியவர்கள் மூன்று பேர். மற்றவை தெருவில் வாங்கியது, காரிலிருந்து திருடியது, மாமன் கொடுத்தது. அதற்கும் முன்னால்? ஒருத்தனுக்கும் தெரியவில்லை. வாத்தியாரம்மா சொன்னார், ஏறக்குறைய எல்லாத் துப்பாக்கியும் முதல் நாள் ஒரு கடையில் ஒரு ஒழுங்கான ஆள் கையெழுத்துப் போட்டு வாங்கினதுதான் என்று. என் துப்பாக்கிக்கும் அப்படி ஒரு ஆள் இருந்திருக்க வேண்டும். அந்த ஆளுக்கு ஆல்வின் பெயர்கூடத் தெரியாது.

உன்னைக் குறை சொல்லவில்லை. சும்மா கேட்டேன். பதில் போடு.

கோர்டெல்


ஏப்ரல் 17

தம்பி,

நலம். தாமதத்துக்கு வருந்தாதே. வேலை அதிகம். எங்கள் கூடத்தில் ஒரு பெண் இறந்துவிட்டாள், அடக்கத்துக்குப் போய்வந்தேன். அலைச்சலில் காய்ச்சல். இப்போது பரவாயில்லை.

உன் அறை ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டேன். மே 6க்கு நல்ல சட்டை போட்டுக்கொண்டு போ.

வெர்னீட்டா


ஏப்ரல் 26

அக்கா,

உன் காய்ச்சல் விட்டதா? எனக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

பொதுக்கூடத்து டிவியில் மெம்ஃபிஸ் செய்தி காட்டினார்கள். இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச்சுக்குக் கிளம்புகிற நேரம், சமையலறையில் ஒரு பெண் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்தாள், சலவைத் தொழிலாளி, டெமெட்ரா பியூ, வயது இருபத்தொன்பது. சாகப்போகிறேன் என்று கையில் எடுத்தாள், பிடுங்கப் போனேன், வெடித்துவிட்டது என்று கணவன் சொல்கிறான். வேலை செய்கிற இடத்தில் யாரோ அவளுக்குக் கொடுத்த துப்பாக்கியாம்.

நீ அடக்கத்துக்குப் போன பெண் இவள்தானா? பெயரைக்கூட எழுத உனக்குக் கை வரவில்லையா?

எனக்கு எல்லாம் புரிகிறது. புரிந்தும் இதை எழுதுகிறேன், என்னைக் காறித் துப்பினாலும் சரி: மே 6 வரைக்கும் வாயைத் திறக்காதே. பிப்ரவரியில் உன் வீட்டில் துப்பாக்கி இருந்தது என்று தெரிந்தால் என் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். பதினெட்டு வருஷம், அக்கா. எனக்கு இருபத்து மூன்று வயதில் பூட்டினார்கள், இப்போது தாடியில் வெள்ளை. அவள் திரும்பி வரப்போவதில்லை. நான் வர முடியும்.

கோர்டெல்


மே 1

தம்பி,

நான் நலம். நீயும் நலமாக இரு.

விசாரணை அதிகாரி ஒருவர் துப்பாக்கியின் எண்ணை வைத்து அடகுக்கடை வழியாக என்னிடம் வந்தார். நீ எழுதுவதற்கு முன்பே வந்துவிட்டார். கேட்டதற்குப் பதில் சொன்னேன். உன் காகிதத்துக்கு ஒரு கீறலும் விழாது.

அடக்கத்தில் ரோலண்ட் சவப்பெட்டியின் முன்பக்கம் பிடித்து வந்தான். என்னைப் பார்த்துத் தலையாட்டினான். நானும் ஆட்டினேன்.

வெர்னீட்டா


மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்கால், உன் காய்ச்சல், உன் கூரை ஓட்டை எல்லாமே நலமாக இருக்கட்டும்! கொடுத்துவிட்டார்கள். ஜூன் 15 விடுதலை. எழுதிவிட்டுத் திரும்பப் படித்துப் பார்க்கிறேன், சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

ஆல்வினின் அம்மா வந்திருந்தார். தள்ளு நாற்காலியில், தலையில் ஊதா நிறச் சர்ச்சுத் தொப்பி. எதிர்ப்புச் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து எனக்கு ஒன்றுக்கு முட்டிவிட்டது. குழுவிடம் சொன்னார்: "எம் புள்ளைய நான் போன்ல கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன், இவன் அங்க சுட்டுக்கிட்டு இருந்தான். இவன் உள்ளயே செத்தாலும் என் புள்ள போன எடுக்கப்போறதில்ல. போகட்டும். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், இவன் போற வீட்டுல துப்பாக்கி இருக்கா?"

"இல்லம்மா" என்றேன். அவர் என்னையே பார்த்தார். "நெசமாத்தானே?" என்றார். "நெசம்மா." அது நிஜம்தான், இப்போது இல்லையே. அப்புறம் ஏன் என் நாக்கு ஒட்டிக்கொண்டது தெரியவில்லை.

போகட்டும். இன்னும் முப்பத்தேழு நாள். எதையும் கிளறாதே. வந்துவிடுவேன்.

கோர்டெல்


ஜூன் 8

கோர்டெல்,

உடம்பு எப்படி என்று கேட்க எனக்கு இன்று வாய் வரவில்லை. உட்கார்ந்து படி.

அன்று சமையலறையில் நடந்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் இதெல்லாம் எனக்குத் தெரியும். பிப்ரவரி 24 அன்று அந்தத் துப்பாக்கியை நான் டெமெட்ராவிடம் கொடுக்கவில்லை, ரோலண்டிடம் கொடுத்தேன். "அவகிட்ட சொல்லிடாதீங்க, பிறந்தநாளுக்கு வச்சிருக்கேன், அவ தனியா வீடு திரும்பறால்ல" என்றான். நான் சிரித்தேன், இரண்டு பெட்டி குண்டும் சேர்த்துக் கொடுத்தேன். அவள் செத்த அன்றைக்கே சாயங்காலம் எனக்கு போன் செய்தான். அழவில்லை. "நீங்க ஜனவரியில டெமெட்ராகிட்ட குடுத்ததா சொல்லிடுங்க. பிப்ரவரின்னு சொன்னா உங்க தம்பி காகிதம் என்ன ஆகும்? ரெண்டு பேருக்கும் ஒரே கதை இருந்தா ரெண்டு பேருக்கும் நல்லது." நான்தானே அவனிடம் பெருமையாகச் சொன்னேன், தம்பி வருகிறான் என்று. அதையே பிடித்துக்கொண்டான்.

அதிகாரி வந்தபோது அப்படியே சொன்னேன். ஜனவரி, டெமெட்ரா. எழுதிக்கொண்டு போய்விட்டார். நீ கேட்பதற்கு முன்பே உனக்காகப் பொய் சொல்லிவிட்டேன், அதனால் அந்தப் பாவத்தில் உனக்குப் பங்கில்லை.

போன வாரம் டெமெட்ராவின் அம்மா சலவைக்கூடத்துக்கு வந்தாள், மகளின் அலமாரியைக் காலி செய்ய. நான் கூட நின்று உதவினேன். உள்ளே ஒரு பை இருந்தது. இரண்டு மாற்றுத் துணி, பிறப்புச் சான்றிதழ், அக்கா வீட்டுக்குப் போக அட்லாண்டா பஸ் டிக்கெட். தேதி ஏப்ரல் 7. அவள் செத்த மறுநாள். சாகப்போகிறவளா டிக்கெட் எடுப்பாள்? அவளுடைய முழுக்கைச் சட்டை ஒன்றை அம்மா மோந்து பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "அவளுக்கு அந்தத் துப்பாக்கிய நீதான் குடுத்தியாமே? ஏன்மா குடுத்த? எம் பொண்ணு தன்னையே சுட்டுக்கப் போனவன்னு சர்ச்சுல எல்லாரும் பேசறாங்க. உன்கிட்ட ஏதாவது சொன்னாளா? சாகணும்னு சொன்னாளா?"

அந்தச் சட்டைக்குள்ளே இருந்த காயங்களை நான் பார்த்திருக்கிறேன், தம்பி. சிவப்புப் பையைத் தூக்கும்போது கை மடிப்பு ஒருநாள் மேலேறியது. நான்கு விரல் அச்சு, கறுத்துப்போய். நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்துவிட்டு, அந்த அச்சைப் பதித்த கைக்கே ஐந்து குண்டும் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

உன் மே 9 கடிதம் என் பையில் இருந்தது. ஒரு தாய் உன்னிடம் கேட்டாள், நீ "நெசம்மா" என்றாய். இன்னொரு தாய் என்னிடம் கேட்டாள். என்னால் முடியவில்லை.

அங்கிருந்து நேராக அதிகாரியிடம் போனேன். எல்லாம் சொன்னேன், தேதியோடு, போனோடு. குண்டு பாய்வதற்கு முன்பே அவள் தாடை உடைந்திருந்ததாம், துப்பாக்கியின் பின்பக்கத்தால் அடித்திருக்கிறான். அடித்தது அவன்தான் என்று தெரிந்தாலும், துப்பாக்கி அவளுடையது என்று நான் சொன்னதால்தான் அவனைக் கைது செய்யாமல் நிறுத்தி வைத்திருந்தார்களாம். ரோலண்ட் ஒரு காருக்கடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தான், காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். பொய் சொன்னதற்கு என்மேலும் வழக்கு வரும், வரட்டும்.

ஹோலிஃபீல்ட் அம்மாவுக்கு நானே போன் செய்தேன். உன் விடுதலையை நிறுத்திவிட்டார்கள். அதிகாரிகள் சொல்லி நீ தெரிந்துகொள்ளக் கூடாது, என் கையால் தெரிந்துகொள் என்று எழுதுகிறேன். உன்னை நான்தான் வளர்த்தேன். உன்னை உள்ளே வைத்ததும் நான்தான். மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை.

வெர்னீட்டா


அடுத்த ஆண்டு, மார்ச் 2

உன் ஆறு கடிதமும் வந்தன. பிரிக்காமல் கிழித்துப் போட்டேன் என்று எழுத ஆசைதான். ஆறையும் படித்தேன்.

செத்தவளுக்காக உயிரோடு இருக்கிறவனைப் பலி கொடுத்தாய் என்று எட்டு மாதம் சுவரைப் பார்த்துச் சொன்னேன். குழு இன்னும் இரண்டு வருஷம் தள்ளிவிட்டது. ஜூன் 15 அன்று நான் சாப்பிடவில்லை. ஓட்டிஸ் ஏதோ ஆறுதல் சொல்ல வந்தான், அவன் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினேன். எழுபது வயதுக் கிழவனை. பாவம், மூக்கில் ரத்தம் வந்தது. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. பத்து நாள் முன்பு புது ஆட்கள் நாலு பேரை எங்கள் பிரிவில் விட்டார்கள். அதில் ஒருத்தன் ரோலண்ட் பியூ. குற்றத்தை ஒப்புக்கொண்டு முப்பது வருஷம் வாங்கியிருக்கிறான். நம் இருவர் குடும்பப் பெயரும் வேறு, அதனால் காகிதம் பார்த்த சிறை அதிகாரிக்கு, சாட்சி சொன்ன உன் தம்பி நான் என்று தோன்றவில்லை. அவனுக்கும் என்னைத் தெரியாது.

ஆனால் பிரிவுக்கே தெரியும். என் விடுதலை எப்படிப் போனது என்று அறுபது பேருக்கும் தெரியும். மறுநாளே ஒருத்தன் குளியல் அறையில் என் கையில் ஒன்றைத் திணித்தான். வாளிக் கைப்பிடிக் கம்பி, ஒரு பக்கம் கூர், மறுபக்கம் துணி சுற்றியது. "உன் அக்காவுக்கும் சேர்த்துப் போடு" என்றான். யாரும் பார்க்கமாட்டார்கள், மதியச் சாப்பாட்டில் கேமராவை மறைத்து ஆறு பேர் நிற்பார்கள் என்று ஏற்பாடு.

இடுப்பில் செருகிக்கொண்டேன். பத்தொன்பது வருஷம் கழித்து இடுப்பில் அந்தக் கனம். பொய் சொல்லமாட்டேன், நிமிர்ந்து நடந்தேன். வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்றேன். அவன் கழுத்தில் எங்கே குத்த வேண்டும் என்று பார்த்து வைத்துக்கொண்டேன். என் கை சட்டைக்குள் போய்விட்டது. துணி சுற்றிய பக்கத்தைப் பிடித்துவிட்டேன்.

அவன் திரும்பினான். "அண்ணே, உப்புப் பொட்டலம் இன்னொண்ணு இருக்கா? எனக்கு வரல" என்றான். சாதாரணமாக. என்னை யாரென்று தெரியாமல். அவன் கண்ணுக்குக் கீழே பழைய நகக்கீறல் ஒன்று இருந்தது, நீளமாக. அது அவள் போட்டதாகத்தான் இருக்க வேண்டும். அவள் அடிவாங்கிக்கொண்டே போகவில்லை, அக்கா, சண்டை போட்டிருக்கிறாள். அதை அவள் அம்மாவிடம் சொல்.

அந்தக் கீறலைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது இதுதான். இவனைக் குத்தினால் நாளைக்கு இவன் அம்மா வந்து நாற்காலியில் உட்கார்ந்து அழுவாள், இவன் பாவப்பட்டவன் ஆகிவிடுவான். முப்பது வருஷமும் இவன் தினமும் காலையில் எழுந்து, நான் கொன்றேன் என்று தெரிந்துகொண்டே இந்த ரொட்டியைத் தின்ன வேண்டும். நான் தின்றேனே. அதைவிட என் கையில் பெரிய தண்டனை இல்லை.

உப்பைக் கொடுத்தேன். "தேங்க்ஸ்ணே" என்றான். தட்டோடு போய் உட்கார்ந்துவிட்டேன். ஏற்பாடு செய்த ஆறு பேரும் என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள். ஒருத்தன் "பொட்டை" என்றான். இன்னொருத்தன் வந்து, "உனக்கு வேணாம்னா என்கிட்ட திருப்பிக் குடு" என்றான். கொடுக்கவில்லை. கொடுத்தால் அது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். கம்பியை வளைத்து வளைத்து மூன்று துண்டாக ஒடித்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விட்டேன். உள்ளங்கை கிழிந்துவிட்டது, நாலு தையல். அதற்காக என்னை அடிக்க ஆள் வருவார்கள், பார்த்துக்கொள்கிறேன்.

இதை வைத்து உன்னை மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. இல்லை. ஜூன் 15 என்று நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஆனால் அந்த அம்மா கேட்டபோது நீ உண்மையைச் சொன்னாய், என்னை ஒரு அம்மா கேட்டபோது நான் சொல்லவில்லை, அதையும் மறக்க முடியவில்லை.

பார்வையாளர் நாள் 14ஆம் தேதி, சனிக்கிழமை, காலை ஒன்பதுக்கு. முழங்காலைப் பார்த்துக்கொண்டு பஸ்ஸில் முன் இருக்கையாகப் பிடித்து வா. நான் பேசுவேனா என்று தெரியாது. பேசாவிட்டாலும் எழுந்து போய்விடாதே.

கோர்டெல்